மூன்றடிக்கு மேல்

மேற்கு மாம்பலத்தில் ஒரு தரைத்தள வீடு. நவம்பர் நடு. மழை விட்டு இரண்டு நாள்.

வாசலில் மூன்று படிகள். வீடு கட்டியபோது ஏறிப் போவதற்காக வைத்தவை. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. மூன்று படிகளும் தாருக்கு அடியில் இருக்கின்றன. இப்போது வீட்டுக்குள் ஓர் அடி இறங்கித்தான் போக வேண்டும். மழைத் தண்ணீருக்கும் அதே வழி.

கூடத்தின் தெருப்பக்கச் சுவர். போன வருடம் அதில் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பழுப்பில் பூப்போட்டது. டைல்ஸில் ஓதம் இல்லை. டைல்ஸ் முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது. செங்கல் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழி கிடைக்கும்வரை ஏறுகிறது.

பெயிண்ட் பொரித்த அப்பளம்போலக் கொப்பளித்து நிற்கிறது. டைல்ஸ் விளிம்பில் வெள்ளைத் தூள். உப்பு. பாட்டி காலையில் துடைக்கிறாள். மாலையில் மறுபடி இருக்கிறது. மறுபடி துடைக்கிறாள்.

சுவரில் பென்சில் கோடுகள். இடப்பக்கம் பேத்தியின் உயரம், பிறந்தநாளுக்கு ஒன்றாக. வலப்பக்கம் ஓதத்தின் உயரம், தேதியோடு. 20-10. 2-11. 14-11. வலப்பக்கம்தான் வேகம்.

மரபீரோ சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அதன் முதுகில் கரும்பச்சைப் பூசணம். தாத்தா மூக்கை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் தேய்க்கிறார். தோல் பெல்ட்டில் வெள்ளைப் பஞ்சு. கல்யாண ஆல்பத்தின் அட்டையிலும். பாட்டி பட்டுப்புடவைகளை விசிறிக்கு அடியில் விரிக்கிறாள். மடிப்பு மாற்றி மடிக்கிறாள். அந்துருண்டையைத் துணியில் முடிந்து, தட்டின் மூலையில் வைக்கிறாள்.

கொடி கூடத்துக்குள் வந்துவிட்டது. பள்ளிச் சீருடை மூன்றாம் நாளாகக் காய்கிறது. விசிறி ஐந்தில். கொசுவுக்காக ஜன்னல்கள் மூடியிருக்கின்றன.

சாம்பிராணி. ஐந்து நிமிடம் அந்த வாசனை. பிறகு பழைய வாசனை.

வீட்டுக்காரர் வருகிறார். செருப்பைக் கழற்றவில்லை. தாத்தா கோடுகளைக் காட்டுகிறார்.

"மழைன்னா அப்படித்தான் சார். வெயில் வந்தா தானா சரியாயிடும்."

சுவரை ஒரு விரலால் தொடுகிறார். விரலை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.

ஜனவரி. வெயில். கூடம் காலி. தாத்தாவும் பாட்டியும் இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில். மரபீரோ மாடிப்படி திரும்பவில்லை. பழைய மரக்காரரிடம் போய்விட்டது.

பெயிண்டர் பழைய பெயிண்டைச் சுரண்டுகிறார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கிறார்.

"உள்ள இன்னும் ஈரம் இருக்கு சார்."

"பொங்கலுக்குள்ள முடிக்கணும்ப்பா."

பட்டி. பிரைமர். இரண்டு கோட் எமல்ஷன், தந்த நிறம். கோடுகள் இரண்டு பக்கமும் மறைகின்றன.

கேட்டில் டூ-லெட் அட்டை. ஒரு கணவனும் மனைவியும் குனிந்து இறங்கி வருகிறார்கள். மனைவி சமையலறையைப் பார்க்கிறாள். டைல்ஸைத் தடவுகிறாள். நன்றாக இருக்கிறது என்று தலையசைக்கிறாள்.

"தண்ணி எப்படி?"

"தண்ணிக்குக் கொறச்சலே இல்லம்மா."

அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை. பெயிண்ட் செலவு, காலி செய்யும்போது கழித்துக்கொள்ளப்படும்.