எழுபது வளைவும் ஒரு சிவப்பு விளக்கும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போனால் கொல்லிமலை அடிவாரம். அங்கிருந்து மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது அது ஒரு குஷி. இறங்கும்போது என்ன என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நண்பனின் பழைய டீசல் ஜீப்பில் போனோம். நான், மனைவி, மகள், டிரைவர் ஸீட்டில் நண்பன். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படிகள் இறங்கி, குளித்து, முழங்காலைச் சபித்துக்கொண்டே மறுபடி ஏறி வந்தோம். நண்பன் சாவியைத் திருப்பினான். 'டொக்!' அவ்வளவுதான்.

"போன வாரம்தானேடா புது பேட்டரி போட்டேன்!" என்று அலறினான். பேட்டரி இறங்கிப்போகிறது என்று கடையில் காட்டியிருக்கிறான். கடைக்காரர் வேறெதையும் பார்க்காமல் புதுசு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்.

பலாப்பழம் விற்றவர்கள் நாலு பேர் தள்ளிவிட, எஞ்சின் பிடித்துக்கொண்டது. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் எரியும். பழைய மாடல்கள் ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் கரண்ட் இல்லாமலே ஓடும். அதனாலேயே கோளாறும் சீக்கிரம் வெளியே தெரியாது. டாஷ்போர்டில் மட்டும் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது.

"அது மூணு மாசமா எரியுதுடா" என்றான், ஏதோ வீட்டு நைட் லாம்ப் மாதிரி.

மணி நாலரை. ஹெட்லைட் இல்லாமல் எழுபது வளைவு! மனைவி மகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

செம்மேட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைத்தார். வயதானவர். நண்பன் அவருக்கே யோசனை சொன்னான்: "பேட்டரி வயரைக் கழட்டிப் பாருங்கண்ணே. எஞ்சின் நின்னா டைனமோ அவுட்."

"டீசல் வண்டி எங்கீங்க நிக்கும்? உள்ளே இருக்கிற டயோடுதான் புகையும். கையை எடுங்க தம்பி!"

ஓடுகிற எஞ்சினிலேயே பேட்டரியில் மீட்டரை வைத்தார். 11.8 வோல்ட். "சார்ஜ் ஏறுனா பதினாலு பக்கம் காட்டணுமுங்க" என்றார். பி.காம். மூளைக்கு அப்போதுதான் உறைத்தது. பேட்டரி என்பது சேமிப்புக் கணக்கு. டைனமோதான் மாதச் சம்பளம். சம்பளமே வராத வீட்டில் பாஸ்புக்கை மாற்றி என்ன பிரயோஜனம்?

எஞ்சினை நிறுத்திவிட்டு வரிசையாகப் பார்த்தார். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினார், தொய்வில்லை. பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டினார். எர்த் வயரை இறுக்கினார். கடைசியில் டைனமோவின் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றினால், கறுப்பு அல்வா மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு!

"டைனமோ முதுகுல இருக்குதே, இது வேக்கம் பம்புங்க. பிரேக் லேசா பிடிக்கிறது இதனாலதான். இதோட ஆயில் சீல் போயி, எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கு."

துடைத்து மாட்டி, தன் கடை பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தார். கேபிளை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தார். 13.9! ஹெட்லைட்டைப் போட்டும் பெரிதாக இறங்கவில்லை.

"இது ஊர் போய்ச் சேர மட்டுந்தானுங்க. நாமக்கல்லுல சீலும் பிரஷ்ஷும் மாத்திடுங்க. வழியில சிவப்பு லைட் எரிஞ்சா ஓரங்கட்டிப் பெல்ட்டைப் பாருங்க. பெல்ட் அறுந்தா சார்ஜ் மட்டுமில்லீங்க, வேக்கமும் போச்சு. ரெண்டு மிதிக்கு மேல பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்."

மூன்று மாதமாக அந்த விளக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது. நண்பனின் முகத்தில் முதல்முறையாக வியர்வை.

இரண்டாவது கியரில் ஊர்ந்து இறங்கினோம். பாதி வழியில் இருட்டிவிட்டது. மகள் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். நான் டாஷ்போர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விளக்கு எரியவில்லை.

காரவள்ளி டீக்கடையில் நண்பன் மெதுவாகக் கேட்டான்: "ஏண்டா, அப்போ அந்தப் பழைய பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்குமோ?"

"அது எங்கே இப்போ?"

"எக்ஸ்சேஞ்சுல கடைக்காரர் எடுத்துக்கிட்டார்டா!"