மூன்று வெள்ளைக்காரர்களும் ஒரு பாட்டியும்

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு எதிரில், காலை ஏழு மணி சுமாருக்கு மூன்று வெள்ளைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். காவலூர் டெலஸ்கோப்பைப் பார்க்க வந்த சீமை விஞ்ஞானிகளோ என்று பரபரக்க வேண்டாம். மூன்றும் பிக்கப் வண்டி. ஜவ்வாது மலையில் பிக்கப் என்றால் வெள்ளை, வெள்ளை என்றால் பிக்கப். யார் வைத்த சட்டமோ தெரியாது.

முதல் வெள்ளைக்காரன் அடியேனுடையது. மகிந்திரா பொலிரோ பிக்கப். இரண்டாவது என் மச்சினனின் டாட்டா யோதா. மூன்றாவது, போளூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பரின் ஐசூசு டி-மேக்ஸ்.

எழுதுகிறவனுக்கு எதற்கு லாரி வியாபாரம் என்று கேட்பீர்கள். நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதும் ஆசாமி. கட்டுரைக்குச் செக் வரும், வண்டிக்கு டியூ வரும். முன்னது ஆடி அசைந்து வரும், பின்னது அஞ்சாம் தேதி டாணென்று வரும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் வண்டியே வாங்கினேன். மேலே போகும்போது சிமென்ட், மளிகை, கோழித்தீவனம். கீழே வரும்போது சாமை, புளி, சீசனில் பலா. போளூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு நடைக்கு என்ன மிஞ்சும் என்பதை நோட்டில் பற்று, வரவு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் அந்த நோட்டுக்குப் பெயர் 'கண்ணீர்ப் புத்தகம்'.

டீக்கடையில் மூன்று முதலாளிகளும் சேர்ந்தால் வேறென்ன பேச்சு? எவன் வண்டி உசத்தி என்பதுதான்.

"மாமா, உன்னுது எழுபத்தஞ்சு குதிரை. என்னுது நூறு. பேசாம டீயைக் குடி" என்பான் மச்சினன்.

கணக்கில் அவன் சொல்வது சரிதான். பொலிரோ பிக்கப்புக்கு 2523 சி.சி. டீசல் எஞ்சின், சுமார் 75 குதிரை சக்தி, 200 நியூட்டன் மீட்டர் டார்க். யோதாவுக்கு 2.2 லிட்டர், 100 குதிரை, 250 டார்க். டி-மேக்ஸ் சிங்கிள் கேப் 2499 சி.சி., 78 குதிரை, 176 டார்க். சுமையில் என்னுடையது 1,700 கிலோ, டி-மேக்ஸில் பெரியது 1,710 கிலோ. டாட்டாக்காரர்கள் 2022-ல் யோதா 2.0 என்று ஒன்றை இறக்கி, 2,000 கிலோ என்று போர்டு மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மச்சினன் தரையில் நடப்பதில்லை.

"2017-ல அக்ஷய் குமாரே வந்து அறிமுகம் பண்ணின வண்டி மாமா!"

"அவரை இந்தக் கொண்டையூசி வளைவுல ரெண்டு டன் சிமென்ட்டோட ஏறச் சொல்லு, அப்புறம் பேசலாம்" என்பார் ஹார்டுவேர். அவர் பங்குக்கு, "என்னுது ஜப்பான் வண்டிப்பா" என்று காலரைத் தூக்கிவிடுவார்.

"ஜப்பானா? ஸ்ரீசிட்டியில ஆந்திரா மீல்ஸ் சாப்ட்டு வளந்த ஜப்பான்!"

இதுவும் உண்மை. ஐசூசு முதலில் நம்ம திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் வண்டி கட்டிக்கொண்டிருந்தது. 2016-ல் பார்டர் தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்த ஃபேக்டரி போட்டுக்கொண்டது.

சண்டையை விட்டுத்தள்ளுங்கள். மலைக்கு ஓட்டுகிறவனாக என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். குதிரை சக்தி ஹைவேயில் ஓவர்டேக் பண்ணுகிறவனுக்கு. மலைக்கு வேண்டியது டார்க், அதாவது இழுப்பு. அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே வரவேண்டும். இரண்டாம் கியரில் வளைவு திரும்பி, ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினால் முனகாமல் ஏறணும். லோடோடு ஏறும்போது யோதாவின் கூடுதல் 50 டார்க் காலுக்கே தெரியும். மச்சினனிடம் இதை நான் ஒத்துக்கொண்டதில்லை. பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

டி-மேக்ஸுக்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங். என்னுடையதற்கு முன்னாலும் பட்டை, பின்னாலும் பட்டை. லோடு இருந்தால் பட்டை பஞ்சு மெத்தை. காலியாக வந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகெலும்பு ஒரு தரம் ஆஜர் சொல்லும். ஹார்டுவேர் இறங்கும்போது இஸ்திரி கலையாமல் இறங்குவார். நான் ஜல்லடையில் சலித்த மாதிரி இறங்குவேன். ஆனால் நான் வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டேன்: ராத்திரி எட்டு மணிக்குக் கிளட்ச் பிளேட் தேய்ந்தால், போளூரில் எவன் எழுந்து வருவான்? எங்கள் பக்கத்து மரத்தடி மெக்கானிக்குகளுக்குப் பொலிரோ தாய்மொழி. அதற்காகத்தான் இதை வாங்கினேன்.

குட்டியானையும் (டாட்டா ஏஸ், 2005-ல் வந்தது), ஓசூரிலிருந்து 2011-ல் வந்த அசோக் லேலண்டு தோஸ்தும் மலையில் இல்லையா என்றால், உண்டு. தோஸ்தின் மூக்கு குட்டை, குறுகலான சந்தில் லாவகமாகத் திரும்பும். ஆனால் இது வேறு கட்சி, இன்றைக்கு வேண்டாம்.

இவ்வளவு பேசுகிற நாங்கள் மூவரும் டீக்கடையில் ஒரு விஷயத்தை மட்டும் எடுக்கமாட்டோம். பின்னால் ஆள் ஏற்றுவது.

மலையில் ஊர் என்பது ரோட்டோரம் இருப்பதில்லை. நாலு வீடு இங்கே, பத்து வீடு அந்தச் சரிவில். பஸ் வரும் ஊருக்குக் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. அதைத் தவறவிட்டால் கையைக் காட்டி நிறுத்துவது வெள்ளைக்காரனைத்தான். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சந்தை, பிரசவம், சாவு, எல்லாவற்றுக்கும் பிக்கப்தான் பஸ். தலைக்கு இருபதோ முப்பதோ கொடுப்பார்கள். வாங்காத டிரைவர் கிடையாது. நானும் வாங்கியிருக்கிறேன்.

2021-ல் ஒரு கல்யாணத்துக்காக 22 பேரை ஏற்றினேன். பி.காம். மூளை உடனே கணக்குப் போட்டது: தலைக்கு ஐம்பது கிலோ, ஆக 1,100 கிலோ. வண்டியின் சக்தி 1,700. இன்னும் 600 கிலோ லாபம்! இதைவிடத் தெளிவாக ஒரு முட்டாள் கணக்குப் போட முடியாது.

சாமை மூட்டை படுத்துக்கொண்டு வரும். மனுஷன் நின்றுகொண்டு வருவான். எடை அதேதான், ஆனால் அது நெஞ்சு உயரத்துக்கு ஏறிவிடுகிறது. மூட்டை கட்டின இடத்தில் கிடக்கும். 22 பேர் வளைவில் ஒரே பக்கமாகச் சாய்வார்கள், வெளிப்பக்கமாக. மூன்றாவது வளைவில் வண்டி ஒரு பக்கம் இறங்குவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. பின்னாலிருந்து பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "அய்யோ!" பயத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினேன். 'எந்த கியர்ல ஏறுறியோ, அதே கியர்ல எறங்கு' என்று மலை டிரைவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை மறந்தேன். விடாமல் பிரேக்கைப் பிடித்தால் எந்த வண்டியிலும் டிரம் சூடேறும், பிடிப்பு குறையும். லைனிங் கருகும் வாடை கேபினுக்குள் வந்தது. வண்டி மேல் தப்பில்லை. தப்பு ஸ்டியரிங்கைப் பிடித்தவன் மேல்.

ஒன்றும் ஆகவில்லை. இறங்கி மாலை, தாம்பூலத் தட்டோடு சிரித்துக்கொண்டே போனார்கள். கிழவர் ஒருவர், "நல்லா ஓட்டுன தம்பி" என்றார். ராத்திரி நோட்டில் வரவு 660 ரூபாய் என்று எழுதினேன். கை நடுங்கியதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

அடுத்த வருஷம், 2022 ஏப்ரல் 2, தெலுங்கு வருடப்பிறப்பு. திருப்பத்தூர் பக்கம் புலியூரிலிருந்து செம்பரை மலைக் கோயிலுக்கு ஒரு பிக்கப்பில் போனவர்கள் பள்ளத்தில் கவிழ்ந்தார்கள். 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். அன்று டீக்கடையில் யாரும் குதிரை சக்தி பேசவில்லை. மச்சினன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, டீ ஆறுகிற வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வீட்டுக்கு வந்து இன்ஷூரன்ஸ் பாலிசியை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். (நீங்களும் ஒருநாள் படியுங்கள். தூக்கம் வராத ராத்திரிக்கு நல்லது. அதற்கப்புறம் சுத்தமாக வராது.) சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் தன் சரக்கோடு வந்தால் மட்டும், 1994-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, பாதுகாப்பு உண்டு. அவரும் கேபினுக்குள் உட்கார்ந்து வரவேண்டும். மூட்டை மேல் உட்கார்ந்து வந்தால் அவரும் சும்மா வந்தவர்தான்.

தாய்லாந்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இதே மாதிரி பிக்கப்தான். பின்னால் கூரை போட்டு, எதிரெதிராக இரண்டு பெஞ்சு வைத்து, பர்மிட்டோடு ஊர் முழுக்க ஆள் ஏற்றுகிறார்கள். பெயர் 'சோங்தேவ்'. இரண்டு வரிசை என்று அர்த்தமாம். அங்கே அது பஸ். இங்கே அதே வண்டி சரக்கு, அதில் நிற்கிற மனுஷர்கள் சரக்கில்கூடச் சேர்த்தி இல்லை.

அன்றிலிருந்து பின்னால் ஆள் ஏற்றுவதில்லை என்று சபதம். எளிதாக எழுதிவிட்டேன். கை காட்டுகிறவர்களைத் தாண்டிப் போவது எளிதில்லை. "கார்காரன் மாதிரி போறான் பாரு" என்பது காதில் விழும். சாயந்திர பஸ் வராத நாட்களில் கண்ணாடியில் அவர்கள் ரொம்ப நேரம் தெரிவார்கள்.

போன பலா சீசனில் ஒரு சாயங்காலம். வண்டி நிறையப் பழம், தார்ப்பாய் போட்டுக் கட்டியாகிவிட்டது. கேபினில் என்னைத் தவிர ஒரு சீட்டு, அதில் லோடு பையன். ரோட்டோரம் ஏழெட்டுப் பேர். முன்னால் ஒரு பாட்டி, காலடியில் இரண்டு பலாப்பழம். போளூரில் மகள் பிரசவித்திருக்கிறாளாம்.

"பின்னாடி ஏத்த மாட்டேன் பாட்டி, கோச்சிக்காதே."

"இன்னா சாமி, இம்மாம் பலாப்பழத்துக்கு எடம் கீது, எனக்கு இல்லியா?"

பதில் வரவில்லை. அப்போதுதான் மூளையில் பல்பு எரிந்தது. பாட்டியிடம் பழம் இருக்கிறது. பாட்டி சரக்கின் சொந்தக்காரி! கேபினில் உட்காரவைத்தால் சட்டமே சலாம் போடும். லோடு பையனை இறக்கி, காலை பஸ்ஸில் வரச்சொல்லிக் காசு கொடுத்தேன். பாட்டிக்கு ஆஷா ராணி வழக்கை எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். ஏறுவதற்குக் காலைத் தூக்கியவள், திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். கடைசியில் ஒரு சின்னப் பெண், தோளில் குழந்தை. குழந்தை அழக்கூட இல்லை, துவண்டு கிடந்தது.

"காச்சலா?"

"ரெண்டு நாளா."

பாட்டி இறங்கிவிட்டாள். "அவ போவட்டும்."

"பாட்டி, அந்தப் பொண்ணுகிட்ட சரக்கு இல்லியே..." என்று வாய்தவறிச் சொல்லித் தொலைத்தேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு பலாப்பழத்தைத் தூக்கி, ஏறி உட்கார்ந்த பெண்ணின் காலடியில் வைத்தாள்.

"இது அவளுது. போதுமா? இன்னொன்ன என் பொண்ணுகிட்ட குடுத்துடு."

1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தை மூன்று வருஷம் படித்திருக்கிறேன். சொத்துரிமை இவ்வளவு வேகமாகக் கைமாறியதை எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். குழந்தைக்குப் போளூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், விடியும்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. பழத்தையும் மகளிடம் சேர்த்தேன். ஆனால் இறங்குகிற வழியெல்லாம் கண்ணாடியில் தெரிந்தது பாட்டிதான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளைக்காரனைப் பார்த்தபடி.

இப்போது டீக்கடையில் புதுச் சண்டை. டபுள் கேபின். பொலிரோவில் கேம்ப்பர், யோதாவில் க்ரூ கேப், ஐசூசுவில் எஸ்-கேப் க்ரூ கேப். டிரைவரோடு ஐந்து சீட்டு, கதவு, கூரை. சுமை மட்டும் ஏறத்தாழ ஒரு டன்னுக்குச் சுருங்கிவிடும். காசு கொடுக்காத பயணிக்கு என்றே ஒரு தனி பிரீமியம் இருக்கிறது, அதையும் கட்டவேண்டும்.

"மூணு சீட்டுக்காக எழுநூறு கிலோவ வுடுவியா மாமா? ஒரு நடைக்கு எவ்ளோ அடிபடும், கணக்குப் போட்டியா?"

போட்டேன். கண்ணீர்ப் புத்தகத்தில் இரண்டு பக்கம். டியூ இன்னும் ஒன்றரை வருஷம் நீளும். கட்டுரைகளின் எண்ணிக்கையை ஏற்றவேண்டும். (ஆசிரியர் கவனிக்க.)

போன வாரம் ஒரு ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய பையன் ஃபாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டான்: "பிசினஸுக்கா சார், ஃபேமிலிக்கா?"

"ஒரு பாட்டி, ரெண்டு பலாப்பழம்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். ஃபேமிலி என்பதில் டிக் அடித்தான்.