கால் ஊன்றும் உயரம்
1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் ஊரான அம்பத்தூரில் வசித்தும், ஐந்து வயது மகளுக்கு முதல் சைக்கிள் வாங்குவதில் தவறினோம். வீண்விரயம் கூடாது, வளர்ந்த பின்னும் ஓட்டட்டும் என்றெண்ணி, 20 அங்குலச் சக்கரம் கொண்டதைத் தேர்ந்தோம். இருக்கையில் அமர்ந்தால் அவள் பாதம் தரையைத் தொடவில்லை. இருமுறை விழுந்தவள், பிறகு அதன் அருகில் செல்லவே அஞ்சினாள். ஓட்டப்படாமல் வாசலில் நின்ற அதுவே வீண்விரயம் என்பதை உணர்ந்தோம்.

உறவினரின் மூத்த மகனுக்கு அதைக் கொடுத்து, அவர்கள் வீட்டிலிருந்த பழைய 16 அங்குலச் சைக்கிளைப் பெற்றோம். துணைச் சக்கரங்களையும் பெடல்களையும் கழற்றி, இருக்கையைத் தாழ்த்தினோம். பாதங்களைத் தரையில் ஊன்றி, உந்தி உந்தியே சமநிலை பழகினாள். அதன்பின் பெடல்களைப் பூட்டினோம். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், பிஸ்மில்லாஹ் சொல்லி மிதித்தாள். நாங்கள் கையை விட்டதை அவள் அறியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! பிள்ளையின் நாளைய உயரத்துக்கன்று, இன்றைய உயரத்துக்கே வாங்குவோம்.