குத்தம்பாக்கத்தில் நடந்த பழமைப் போர்

வெள்ளவேட்டை அடுத்த குத்தம்பாக்கத்தில் அண்மையில் ஒரு வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். ஆவடியில் பணிபுரியும் அன்பர் ஒருவர் புதிதாகக் கட்டிய வீடு அது. அவருடைய தந்தையார் திருவைகுண்டத்துக்காரர். மாமனாரோ மதுரையை அடுத்த சிலைமானைச் சேர்ந்தவர். மந்திரிப்பு முடிந்து, இலை போடுவதற்காகக் காத்திருந்த வேளையில், "அஸ்திவாரம் தோண்டும்போது கருப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் வந்தன, சாமி" என்று வீட்டுக்காரர் சொன்னார். வந்தது வினை.

"எங்கள் கீழடியில் கிடைக்காத ஓடா?" என்றார் சிலைமான்காரர். கீழடி கி.மு. ஆறாம் நூற்றாண்டினது என்று 2019இல் வெளியான அரசு அறிக்கையைத் தம் வீட்டுப் பத்திரம் போலவே எடுத்துரைத்தார். சம்பந்தி விடுவாரா?

"எங்கள் ஆதிச்சநல்லூரை 1876ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியர் யாகோர் தோண்டிவிட்டார். சிவகளை இரும்போ கி.மு. 3345 என்று 2025 சனவரியில் அறிவித்தாயிற்று. உங்கள் கீழடி எங்களுக்குக் கொள்ளுப்பேரன், சம்பந்தி!"

வெற்றிலை மென்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு விவசாயப் பெரியவர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "எங்கள் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் பதினைந்து இலட்சம் ஆண்டுக் கற்கோடரி இருக்கிறது, ஐயா." சம்பந்திகள் இருவரும் வாயடைத்துப் போயினர்.

பெரியவர் சொன்னது பொய்யன்று. சாந்தி பப்பு அம்மையாரின் குழுவினர் அங்கு அகழ்ந்து 2011இல் வெளியிட்ட கணக்கு அது. ஆனால் முதற்கோடரியை நிலவியலாளர் புரூஸ் பூட் 1863 மே 30 அன்று கண்டெடுத்தது பல்லாவரத்தில். அத்திரம்பாக்கம் அதற்குச் சில மாதங்கள் பிந்தியதே. பல்லாவரத்தார் எவரும் பந்தியில் இல்லாதது நம் நல்லூழ்!

உண்ட களைப்பையும் பாராமல், வண்டி அமர்த்தி, அனைவரையும் திருவள்ளூர் வழியாகப் பூண்டி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். கண்ணாடிப் பேழைக்குள் கற்கோடரிகள். உள்ளங்கை அகலம், ஒரு முனை கூர், இருபுறமும் பொறுமையாகச் செதுக்கிய தழும்புகள். நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்றும், அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கோடரிகளைச் செய்தோர் அதற்கும் முந்திய வேறு மனித இனத்தார் என்றும், ஆகவே அவர்கள் தமிழரும் அல்லர், திருவள்ளூராரும் அல்லர் என்றும் விளக்கினோம். பெரியவர் முகம் சற்றே வாடிற்று. பிறகு, "இருந்தாலும் எங்கள் கொசத்தலையாற்றுத் தண்ணீரைத்தானே குடித்தார்கள், சாமி" என்றார். அதை மறுக்க நமக்கு வழியில்லை.

இதே மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூரில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோதும் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டோம். திருவைகுண்டத்தார் சட்டென்று மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நம் வீட்டில் வந்த ஓடுகள் எங்கே?"

"கொத்தனார் கூடத்துத் தரைக்கு அடியில் கொட்டி, இடித்து நிரப்பிவிட்டார், அப்பா."

அன்று காலையில் நாம் தீர்த்தம் தெளித்த கூடம் அது. திரும்பும் வழியில் வெள்ளவேடு வரும்வரை எவரும் வாய் திறக்கவில்லை.