வல்லைவெளி வெயில்

ஆவரங்காலிலிருந்து நெல்லியடிச் சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டையுடன் சைக்கிளில் போகிறவள் நான். 1990களின் எரிபொருள் தட்டுப்பாட்டில் பழகிய மிதிப்பு. கணவரை இழந்த பின் அதுவே பிழைப்பானது.

வழியில் வல்லைவெளி. ஒதுங்க நிழல் இல்லை. ஆடிச் சோழகம் போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். மார்கழி வாடையில் இது மாறிவிடும்.

ஒரு சித்திரையில் சந்தை வாசலில் தலைசுற்றி இருந்துவிட்டேன். பக்கத்துக் கடை அக்கா மோர் தந்து, "காலமை என்ன சாப்பிட்டனீ, பிள்ளை?" என்றார். வெறும் தேத்தண்ணிதான். வெயிலில் பசி தெரியாது; வியர்வையோடு உடம்பும் கரைகிறது என்று நினைத்திருந்தேன்.

வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும்தான். சக்தியைத் தின்பது மிதிப்பும் எதிர்காற்றும். வெயிலில் நெஞ்சு வேகமாக அடிக்கும், களைப்புக் கூடும். ஆனால் அதனால் கூடுதலாகச் செலவாகும் சக்தி கொஞ்சமே. குளிரில் நடுங்கினால் சக்தி செலவாகும். எங்கள் மார்கழியில் மிதிக்கிற உடம்பு நடுங்குவதில்லை. ஆகவே எந்தக் காலமானாலும் உழைப்புக்கு ஏற்ற சோறு வேண்டும்; வெயிலில் தண்ணீரும் கூட வேண்டும்.

இப்போது விடியுமுன் பழஞ்சோறு. கூடையில் உப்புப் போட்ட மோர்ப் போத்தல். பிள்ளைகளுக்குக் கொடுத்து மிச்சத்தில் வாழும் சகோதரிகளே, சைக்கிளை மிதிப்பது நீங்கள். உங்கள் பங்கையும் எடுத்து வையுங்கள்.