பின்னால் அமர்ந்திருப்பவர்

நம் ஊர்களில் மாட்டுவண்டியின் காலம் போய்விட்டது; மிதிவண்டியின் காலமும் ஏறக்குறையப் போய்விட்டது. இன்று ஓட்டு வீட்டு வாசலிலும் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கக் காண்கிறோம். ஞாயிறு திருப்பலிக்குக் கணவனும் மனைவியும் அதில்தான் வருகின்றனர். கல்லூரிப் பேருந்து நிற்கும் இடம்வரை மகளைத் தந்தை அதில்தான் கொண்டுவிடுகிறார். நோயுற்ற தாயை மகன் அதில்தான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். வண்டி ஓட்டும் திறமையைப் பற்றிப் பேசுவோர் பலர். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் மற்றொருவரைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

அவருடைய நிலையைச் சற்றே சிந்தியுங்கள். அவர் கையில் பிரேக் இல்லை. வண்டியைத் திருப்பும் உரிமை இல்லை. எதிரே வருவது அவர் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. தம் உயிரை முழுமையாக மற்றொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட உயிருக்கு ஓட்டுபவர் பொறுப்பாளர் ஆகிறார் என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

கிளை ஊர்களுக்குச் செல்லும்போதெல்லாம் எங்கள் உபதேசியார் என் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து வருவார். அறுபதைக் கடந்தவர், முழங்கால் வலியும் உண்டு. ஒருநாள் செம்மண் பாதையில் செல்கையில் அவர் சொன்னார்: "சுவாமி, மேடு பள்ளம் முன்னால் இருப்பவருடைய கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருப்பவனுக்கோ முதுகெலும்புதான் முதலில் சொல்கிறது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனினும் அதில் அடங்கிய உண்மை சிறியதன்று. பள்ளத்தைக் கண்ட ஓட்டுநர் தம் உடலைத் தாமே தயார் செய்துகொள்கிறார். பின்னால் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே, "பள்ளம் வருகிறது", "பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சொல் முன்கூட்டியே சொல்வது ஓட்டுநரின் கடமை. அன்று முதல் எங்கள் பயணங்களில் இது வழக்கமாகிவிட்டது.

முதலில் வண்டியைப் பற்றிச் சில செய்திகள். நம்மில் பலர் ஓட்டும் 100 சி.சி. வண்டியின் எடை ஏறத்தாழ 110 கிலோ. பின்னிருக்கையில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் அமர்ந்தால், வண்டியின் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பாரம் புதிதாக ஏறிவிடுகிறது. அதில் பெரும்பகுதியைப் பின்சக்கரமே தாங்குகிறது. முன்சக்கரம் இலேசாகிறது. முகப்பு விளக்கின் ஒளி மேலே எழும்பி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. வண்டியை நிறுத்தவும் கூடுதல் தொலைவு வேண்டியிருக்கிறது.

ஆகவேதான் வண்டியுடன் தரப்படும் கையேட்டில், பின்சக்கரத்தின் காற்றழுத்தத்துக்குப் பெரும்பாலும் இரண்டு அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று தனியே செல்வதற்கு. அதனினும் கூடிய மற்றொன்று இருவர் செல்வதற்கு. பல வண்டிகளில் பின்புற ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் படிகள் அமைந்துள்ளன. நாள்தோறும் இருவராகச் செல்வோர் மெக்கானிக்கிடம் கூறினால், சில நிமிடங்களில் அதைச் சரிசெய்துவிடுவார். இடுப்பு வலி என்று அலுத்துக்கொள்ளும் இல்லத்தரசிகள் பலருக்கு இதுவே பாதி மருந்தாகும்.

அடுத்து, ஏறும் முறை. ஓட்டுநர் முதலில் அமர்ந்து, இரு கால்களையும் தரையில் உறுதியாக ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "ஏறலாம்" என்று அவர் சொன்ன பிறகே மற்றவர் ஏற வேண்டும். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கமாகச் செல்கிறோம். ஆதலால் இடப்பக்கமாக ஏறி இறங்குவதே பாதுகாப்பு. வலப்பக்கம் இறங்குபவர் ஓடும் வண்டிகளுக்கு நடுவே காலை வைக்கிறார். இறங்கும்போது சூடேறிய சைலன்சரில் கால் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக அமர்ந்துவிட்டதாக அவர் சொல்லும்வரை வண்டி நகரக் கூடாது.

ஓடும் வண்டியில் பின்னிருப்பவர் செய்யவேண்டியது ஒன்றே: ஓட்டுநரின் உடலோடு தம் உடலையும் இசைய வைத்திருத்தல். வளைவில் வண்டி சாய்ந்தால் அதனோடு இயல்பாகச் சாய வேண்டும். அச்சத்தால் எதிர்ப்பக்கம் சாய்பவர், வண்டியை வளைவைவிட்டு வெளியே தள்ளுகிறார். ஓட்டுநரும் கிளட்சை மெல்ல விட்டு, சீராக வேகம் கூட்டி, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்த வேண்டும். திடீரெனப் பிரேக் போட்டால் பின்னிருப்பவர் முன்னால் மோதுவார். திடீரென வேகம் கூட்டினால் பின்னால் சரிவார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 17 மீட்டர். கண் கண்டதைக் கை செயலாக்குவதற்குள்ளேயே இத்தனை தூரம் கடந்துவிடுகிறது. ஆகவே இருவர் செல்கையில் முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே கூடுதல் இடைவெளி வேண்டும்.

நிற்க. நம் பெண்மக்களின் ஆடை குறித்தும் சொல்லியாக வேண்டும். இசடோரா டங்கன் என்னும் புகழ்பெற்ற நடன மங்கை, 1927ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் திறந்த காரில் சென்றபோது, அவர் கழுத்தைச் சுற்றியிருந்த நீண்ட துணி சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். நம் சாலைகளில் துப்பட்டாவும் முந்தானையும் இதே கொடுமையைச் செய்கின்றன. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்று சொல்வதோடு, ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கின்றன. 'சாரி கார்டு' என்று நாம் அழைப்பது இதுவே. வண்டியின் அழகைக் கெடுக்கிறது என்று இதைக் கழற்றி எறியும் இளைஞர்கள், தம் தாயையும் தங்கையையும் எண்ணிப் பார்ப்பார்களாக! முந்தானையை இடுப்பில் செருகி, துப்பட்டாவின் இரு முனைகளையும் முடிந்துகொண்ட பிறகே ஏற வேண்டும். இயலுமாயின் இருபுறமும் கால் போட்டு அமர்வதே உறுதியானது. ஒருபக்கமாக அமர்வோர் ஒரு கையால் ஓட்டுநரையும் மறு கையால் கைப்பிடியையும் பற்றிக்கொள்ள வேண்டும். மடியில் சுமை கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் பங்கில் ஒரு தாயை நான் அடக்கம் செய்தேன். கணவரின் வண்டியில் ஒருபக்கமாக அமர்ந்து, இரு கைகளாலும் மடியில் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு உறவினர் வீட்டு விசேஷத்திலிருந்து திரும்பியவர். வெள்ளைக் கோடு அழிந்துபோயிருந்த வேகத்தடை ஒன்றில் வண்டி தூக்கிப்போட, பின்னால் சரிந்து விழுந்தார். தலையின் பின்புறம் தார்ச்சாலையில் மோதியது. வண்டி கவிழவில்லை. தலைக்கவசம் அணிந்திருந்த கணவருக்கு ஒரு கீறலும் இல்லை. கல்லறையில் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சாமி, கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவ விழுந்ததே எனக்குத் தெரிஞ்சுது."

இத்தகைய துயரம் ஒரு வீட்டோடு முடிவதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் நம் நாட்டில் இறந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். ஒரு வீட்டில் ஒரே ஒரு தலைக்கவசம் இருப்பது போதாது. நான்கு வயதுக்கு மேற்பட்ட யாவரும் அணிய வேண்டும் என்று, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவும் தலைக்குப் பொருந்துவதாகவும் பார்த்து வாங்கி, தாடைப் பட்டையைப் பூட்டி அணிய வேண்டும். பட்டை பூட்டாத கவசம் விழும்போதே கழன்று ஓடிவிடும்.

குழந்தைகளைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. ஓட்டுநரைத் தவிர ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது. அவரும் பின்னிருக்கையில்தான் அமர வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. 2022இல் அறிவிக்கப்பட்ட இவ்விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பெட்ரோல் டாங்கின்மேல் பிள்ளையை உட்கார வைத்து ஊர்வலம் வரும் தந்தையர் இதைக் கருத்தில் கொள்வார்களாக.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இருவராகப் புறப்படுவோர் பலர். அத்தகைய நெடும்பயணத்தில் மணிக்கு ஒருமுறையேனும் நிறுத்தி, இறங்கி, காலை நீட்டி, தண்ணீர் அருந்துங்கள். ஓட்டுபவருக்குக் களைப்பு தோன்றுமுன்பே பின்னிருப்பவருக்குக் கால் மரத்துப்போகும். மரத்துப்போனவரால் இறுகப் பிடிக்க இயலாது, தூக்கமும் வரும். வசதி என்பதும் பாதுகாப்பு என்பதும் இங்கு ஒன்றாகவே ஆகிவிடுகின்றன.

இறுதியாக ஒன்று. "மெதுவாகப் போங்கள்" என்று பின்னிருந்து மனைவி சொன்னால், அதைத் தம் திறமைக்கு இழுக்கு என்று கணவர் கருதலாகாது. அப்படிச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. பிரேக் இல்லாதவருக்கு அந்தச் சொல் ஒன்றுதான் பிரேக். பின்னால் அமரும் சகோதரிகளே, தயங்காமல் சொல்லுங்கள். முன்னால் அமரும் சகோதரர்களே, கேட்டவுடன் வேகத்தைக் குறையுங்கள்.