கூட வந்த ஓங்கில்கள்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். உம்மம்மா என் கையை விடவேயில்லை. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து கற்பிட்டிக்கு வள்ளத்தில் வந்தவர், அதன்பின் படகேறியதே கிடையாது. நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தது நான்தான். பாதிவழியில் அது பிழையாகப் பட்டது.

அணியத்துப் பக்கம் யாரோ "ஓங்கில்!" என்று கத்தினார்கள். நாங்கள் டொல்பின் என்போம். நாலைந்து இருக்கும். படகு தண்ணீரைத் தள்ள முன்னால் எழும் அலை அவற்றையும் தள்ளிக்கொண்டு போகும். வாலை அசைக்காமலே வரலாம். லொறியைப் பிடித்தபடி சைக்கிளில் போகும் பொடியன்களைப் போலத்தான். (அவர்களுக்கு ஏச்சு விழும், இவற்றை யார் ஏசுவது?) ஒன்று பக்கவாட்டில் சரிந்து எங்களைப் பார்த்தது.

உம்மம்மா கையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அண்டைக்கும் வந்திச்சு புள்ள. சின்னதுகள் கை தட்டிச்சுதுகள், உங்கட உம்மாவும்தான். நான் ஏசி இருத்தினேன்."

உம்மா இதை எனக்குச் சொன்னதேயில்லை.

இறங்குதுறை நெருங்க வேகம் குறைந்தது. தள்ள அலை இல்லை, அவையும் போய்விட்டன. திரும்பும்போது அணியத்துப் பக்கம் இடம் பிடிக்கச் சொன்னார் உம்மம்மா.